தாய்மாமன் என்ற பெயரில் இருந்த கோப்புகள்

காலை பத்து நாற்பது. அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பிளக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கம்ப்யூட்டர் திரை. மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே பெயர்: தாய்மாமன், தாய்மாமன்1, தாய்மாமன், தாய்மாமன் புதுசு, தாய்மாமன்.

அண்ணனின் மணிவிழா பேனரில் எழுத்துப்பிழை பார்க்கப் போயிருந்தேன். நாளிதழ் செய்திப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டார் எனக்குத் தரும் வேலை இதுதான். திரைக்கு முன்னால் கடைக்காரர். பக்கத்து ஸ்டூலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் மஞ்சள் பையோடு.

அவர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்தார். கணவர் இறந்து மறுநாளோடு ஒரு வருடம். திதிக்கு மாலை போட வீட்டில் படம் இல்லை. ரேஷன் கார்டில் இருந்த படத்தைக் கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்.

"அது அவுக இல்ல தம்பி. யாரோ மாரி இருக்கு. நாத்தனா மகன் காதுகுத்துக்கு ஒங்ககிட்டதான பிளக்ஸ் அடிச்சோம். அதுல சிரிச்சாப்ல இருப்பாக."

"படம் இருக்குக்கா. எங்கயும் போகாது. எந்தத் தாய்மாமன்னுதான் தெரியல."

எங்கள் பக்கம் காதுகுத்து பிளக்ஸில் தாய்மாமன் முகம்தான் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்திலேயே சண்டை. வீட்டார் படங்களைப் போனில் அனுப்பி, "இது தாய்மாமன், இது சித்தப்பா" என்பார்கள். கடைக்காரர் அதே சொல்லைக் கோப்புக்குப் பெயராக வைத்துவிடுவார். ஆளின் பெயர் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

வருடம், ஊர், விசேஷம் என்று ஃபோல்டர்களை ஒழுங்காகத்தான் பிரித்து வைத்திருந்தார். ஆனால் பழைய கம்ப்யூட்டர் கெட்டபோது எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொட்டி, அதை இன்னொன்றில் கொட்டி, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்விட்டது. தேடினால் பெயர் வந்தது. கோப்பு இருக்கும் இடம் பாதியில் மூன்று புள்ளிகளோடு நின்றது. டிசைன் கோப்புகள் என்பதால் திறந்தால்தான் முகம் தெரியும். ஒவ்வொன்றும் திறக்க ஒரு நிமிடம் ஆனது.

"எந்த வருசம்க்கா காதுகுத்து?"

"நல்லா மழ பேஞ்ச வருசம் தம்பி."

"நம்ம பக்கம் அது எந்த வருசம்க்கா?"

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு மஞ்சள் பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வேலையில் இருந்த கடைசி ஆண்டுகளில், அலுவலகப் படக் கிடங்கை ஒழுங்கு செய்ய பைத்தான் என்ற கணினி மொழியைக் கொஞ்சம் கற்றிருந்தேன். லேப்டாப் என்னிடம் இருந்தது. கடைக்காரரிடம் ஹார்ட் டிஸ்க்கை வாங்கி அதில் மாட்டினேன். நான் எழுதிய கட்டளை இதுதான்: ஒவ்வொரு கோப்பும் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் எடு. கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது கோப்பின் பெயர். அதற்கு முன்னால் இருப்பது விசேஷம். அதற்கும் முன்னால் ஊர், வருடம். பெயரில் தாய்மாமன் உள்ளவற்றை மட்டும் ஊர்வாரியாக அடுக்கு. பத்துப் பன்னிரண்டு வரிகள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, முதலில் எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொன்னேன்.

வரிகள் ஓடத் தொடங்கின. பந்தல்குடி, நிக்காஹ், மச்சான். திருச்சுழி, புதுமனை, அப்பா. மல்லாங்கிணறு, காதுகுத்து, தாய்மாமன். மல்லாங்கிணற்றில் ஒரே பெயரும் ஒரே அளவும் கொண்ட கோப்பு இரண்டு இடங்களில் வந்தது: ஒன்று காதுகுத்தில், இன்னொன்று கண்ணீர் அஞ்சலியில். இந்த ஊர்களைப் பற்றி நான் ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். கண்மாய், பருத்தி விலை, லாரி விபத்து. இத்தனை பேரை ஒருசேர நான் கண்டதில்லை. திரையில் ஒரு முகம்கூடக் கிடையாது, இருந்த இடம் மட்டும்தான். ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டு வாசலில் கட்டிய பேனர். கடைக்காரரும் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இம்புட்டுப் பேரையுமா நான் வெட்டி ஒட்டுனேன்?" என்றார்.

அடுத்து, தாய்மாமன்களை மட்டும் கேட்டேன். பட்டியல் வந்தது. எம்.ரெட்டியபட்டி அதில் இல்லை.

"எங்க ஊரு வரலையே சார்." குரல் இறங்கியிருந்தது. "அழிஞ்சு போச்சா?"

மறுபடி ஓட்டினேன். இல்லை. எழுதிய வரிகளைத் திரும்பப் படித்ததும் தவறு தெரிந்தது. கோப்பு வகையைக் குறிக்கும் வால் எழுத்துகளை நீக்க, முகவரியில் முதல் புள்ளி வந்ததும் மீதியை வெட்டச் சொல்லியிருந்தேன். எம்.ரெட்டியபட்டியில் ஊர்ப் பெயரிலேயே புள்ளி உண்டு. 'எம்' என்பதோடு ஊர் முடிந்துபோனது. விசேஷம், தாய்மாமன் எல்லாம் வெட்டுப்பட்டன.

"ஊரையே முழுங்கிட்டீகளே அண்ணாச்சி. பேப்பர்லயும் இப்பிடித்தானா?" என்றார் கடைக்காரர்.

இதற்கென்றே அந்த மொழியில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் பெயர், வால், மேல் ஃபோல்டர் என்று அதுவே பிரித்துத் தரும். கடைசிப் புள்ளியை மட்டும்தான் தொடும். நான் கைவேலையாக வெட்டப் போய்த் தவறினேன். அதைக் கொண்டு ஒரு வரியை மாற்றினேன்.

எம்.ரெட்டியபட்டி வந்தது. பதினோரு தாய்மாமன்கள். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். "காதுகுத்து, கீழத்தெரு" என்றதும், "அதான் சார், அதான்" என்று எழுந்தார்.

கடைக்காரர் கோப்பைத் திறந்தார். முகம் வந்தது, சிரிப்பும் இருந்தது. அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"மூஞ்சி அவுகதான். சட்ட அவுக சட்ட இல்லையே."

"வெள்ளச் சட்ட நான் மாட்டிவிட்டதுக்கா. அடியில ஒரிஜினல் இருக்கும்." டிசைனின் மேலடுக்கை அணைத்தார். கட்டம் போட்ட நீலச் சட்டை தெரிந்தது. மடியில் மொட்டை போட்ட குழந்தை. அதன் தலையிலிருந்த சந்தனம் சட்டையின் மார்பில் ஒட்டியிருந்தது.

"இதையே போட்ருங்க தம்பி."

"சந்தனத்தத் தொடச்சிறவாக்கா? அழுக்கு மாரித் தெரியும்."

"இருக்கட்டும். சட்டய நான்தான் தொவச்சேன்."

மதியம் பன்னிரண்டு பத்துக்குப் படம் அச்சாகி வந்தது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம்.