ஆறவிடு எழுதிக் கொடுத்த காரணம்

பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அவர் எல்லோருக்கும் ‘ஆறவிடு’. பட்டறை வாசலில் யார் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பப் போனாலும் உள்ளேயிருந்து குரல் வரும்: “ஆற விடுய்யா, ஆற விடு!” அந்தக் குரலே பெயராக ஒட்டிக்கொண்டது. அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

டர்போ மட்டும்தான் பார்ப்பார். பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தால் எதிர்ப் பட்டறையைக் கை காட்டுவார். டர்போ என்பது எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுழன்று, அதே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சின்னச் சக்கரம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும். அதன் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடிதான் சுற்றுகிறது. காலையில் கிளப்பியதுமே எண்ணெய் போய்ச் சேருமுன் அழுத்தி மிதித்தாலும் கேடு, மேடேறி விரட்டி வந்து சூட்டோடு அணைத்தாலும் கேடு. எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நிற்கும். நின்ற எண்ணெய் கருகிக் கரியாகும். ஆகவே, கிளப்பினால் அரை நிமிடம், அணைக்குமுன் ஒரு நிமிடம். பொறுமையான கால் கிடைத்தால் எஞ்சின் உள்ளவரை டர்போவும் உழைக்கும். அவசரக் கால் இரண்டே வருடத்தில் அதைத் தின்று தீர்த்துவிடும். இவ்வளவுதான் அவருடைய வேதம்.

அவருடைய கல்யாணத்தன்று புதுப்பெண்ணோடு வீட்டுக்கு வந்த காரை மாப்பிள்ளையேதான் ஓட்டினார். வேறொருவர் காலை நம்பி ஏற அவருக்கு மனம் வரவில்லை. வாசலில் சொந்தபந்தம் முழுக்கக் காத்து நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “ஒரு நிமிஷம் ஆறட்டும்” என்றார். பெண் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, தனியாகவே வீட்டுக்குள் போய்விட்டாள். இருபது வருடமாக அவள் இந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அவருக்கு இன்றும் விளங்கவில்லை.

வேன் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அவர் சொல்தான் தீர்ப்பு. டர்போ போனால் பிரித்துப் பார்த்து, அரைத் தாளில் ஓட்டுநர் பெயரையும் அதன் கீழே காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். காரணம் பெரும்பாலும் இரண்டே சொல்: ‘காரணம்: ஓட்டுநர்.’

அவருடைய மனைவிக்கு ஒரு தம்பி. வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் அக்கா வீட்டு சோபாவில் கிடந்து, ஒருவழியாக ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டச் சேர்ந்தவன். தினமும் காலையில் நாற்பது கடை. சேர்ந்த அன்று மெக்கானிக் அவனை உட்கார வைத்து வேதம் முழுவதையும் ஓதினார். அவன் ஒவ்வொன்றுக்கும் “சரி மாமா” என்றான். எல்லாவற்றுக்கும் சரி என்பவன் எதையும் காதில் வாங்கமாட்டான் என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

அந்த வேன்தான் ஒருநாள் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. டர்போ ஊளையிட்டு நீலப் புகை கக்கி நின்றுவிட்டதாம். ஆறே மாதத்துக்கு முன் அவர் கையால் மாட்டியது. பின்னாலேயே ரொட்டி கம்பெனி முதலாளி போனில் வந்தார்.

“யார் தப்புன்னு எழுதிக் குடுங்க. டிரைவர் தப்புன்னா இன்னைக்கே ஆளை மாத்திடறேன்.”

பிரித்தார். தண்டு நீலம் பாரித்துக் கிடந்தது. அவர் பேனாவைத் தேடும்போது மனைவி சாப்பாட்டோடு வந்து நின்றாள்.

“அவன் பொழப்புங்க. இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டு எழுதுங்களேன்.”

“பாத்தாச்சு. தண்டு பொய் சொல்லாது.”

“தண்டு பேசவும் செய்யாதுல்ல?”

அவர் எழுதினார். மச்சினன் என்பதற்காக ஓர் எழுத்தும் மாறவில்லை. தன் நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலமே மச்சினனுக்கு வேலை போய்விட்டது. இரவு மனைவி தட்டை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை புது டர்போவை மாட்ட உட்கார்ந்தார். மாட்டுவதற்கு முன் எண்ணெய் வரும் குழாயைக் கழற்றிக் காற்றடித்துப் பார்க்க வேண்டும். அடித்தார். காற்று மறுபக்கம் சரியாக வரவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே பார்த்தார். சிவப்பாக ஏதோ தொங்கியது. கம்பியால் இழுத்தபோது அரை விரல் நீளத்துக்கு ரப்பர்போல ஒன்று வந்தது.

பசை. கசிவு அடைக்கப் போடுகிற பசை. அந்த இணைப்புக்கு ஒரு வாஷர் போதும். பசை போடவே கூடாது. அதை வருகிற போகிற மெக்கானிக்குகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவர்தான். ஆறு மாதத்துக்கு முன், மச்சினன் ஓட்டுகிற வண்டியாயிற்றே, ஒரு சொட்டு ஒழுகினாலும் பையனை முதலாளி ஏசுவாரே என்று, பாதுகாப்புக்குப் பாதுகாப்பாகக் கொஞ்சம் தடவியிருந்தார். அது உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, பிய்ந்து, குழாயை அடைத்திருக்கிறது.

எண்ணெய் கருகினாலும் தண்டு நீலமாகும்; எண்ணெய் வராவிட்டாலும் நீலமாகும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பார்த்தால் தெரியும், பார்க்க வேண்டும் அவ்வளவுதான்.

குப்பைத் தொட்டி காலடியில் இருந்தது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. பசையைத் துணியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அரைத் தாளை எடுத்து எழுதினார்: ‘காரணம்: மெக்கானிக்.’

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். மேசைமேல் வைத்த பசையையும் விரலால் புரட்டிப் பார்த்தார்.

“சரி, பையன வரச் சொல்லுங்க. புது டர்போ உங்க பொறுப்பு. ஆனா அவன்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. கடைக்குக் கடை வண்டிய அணைக்காம ஓட விட்டுட்டு ஒரு நிமிஷம் நிக்கிறான். நாப்பது கடை! கடைசிக் கடைக்காரன் தினமும் போன்ல கத்துறான். எவ்வளவு திட்டினாலும் ‘எங்க மாமா சொல்லிருக்காரு சார்’ங்கிறான்.”

ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு உருண்டு வரும் வேனுக்கு அந்த ஒரு நிமிடம் தேவையே இல்லை. விரட்டி வந்தால்தான் தேவை. அதை அவர் மச்சினனிடம் சொன்னதில்லை. முதலாளியிடமும் அதைச் சொல்லாமல், “சொல்லிடறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வேலை கிடைத்ததும் மச்சினன் எடுத்த வாடகை வீடு மூன்றாவது மாடி. கம்பெனிச் சீருடையைத் திருப்பிக் கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தான். அவர் மூச்சு வாங்க நின்றபடியே சொன்னார்.

“தப்பு என்னோடதுப்பா. குழாய்ல பசை. நான் வச்சது. முதலாளிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாரு.”

“சரி மாமா” என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கோபமெல்லாம் இல்லை. அவர் குடித்து முடித்ததும் கேட்டான்.

“மாமா, எனக்கு முன்னாடி இதே வேன ஒருத்தர் ஓட்டினாரே. அவரையும் உங்க பேப்பர வச்சுத்தான் அனுப்பினாங்க. அதனாலதான் எனக்கு இந்த வேலையே கெடச்சுது. அப்போ குழாயப் பாத்தீங்களா?”

“பாக்கல.”

மச்சினன் மடித்த சட்டையை உதறி ஹேங்கரில் மாட்டப் போனான்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை. அந்த டிரைவரின் பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தார். தன் கையால் தாளில் எழுதிய பெயர்தான். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.