'வை' என்று கேட்ட குரல்

கோணல்மாணலான இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நான் எழுதப் படிக்கக் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. எழுத்துக்கூட்டினேன். லூ, க், கா, ஸ். நம் லூக்காஸ் அண்ணாச்சி! யார் துணையும் இல்லாமல் அவர் பெயரைப் படித்துவிட்ட குதூகலத்தோடு அடுத்த சொல்லுக்குப் போனேன். 'காலமானார்' என்று இருந்தது.

சங்கத் தோழர்களே, அடக்கத்தன்று உங்களில் ஒருவர் சொன்னார்: "அந்த மரக்கட்டை ஏத்துன கப்பல்ல மட்டுந்தான் அண்ணாச்சிக்குக் கை தவறிச்சு." அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அது அவர் கை அல்ல. என் கை.

நம் துறைமுகத்தில் கிரேன்காரருக்குச் சைகை காட்டுவது அண்ணாச்சியின் வேலை. அந்தக் கப்பல் வந்த அன்று, அவர் டீ குடிக்கப் போனபோது அந்த இடத்தில் நான் நின்றேன். மரக்கட்டைகளின் கட்டு அந்தரத்தில் தொங்கியது. கீழே கப்பலின் சரக்கறைக்குள் ஒரே தூசி, ஒன்றும் தெரியவில்லை. கீழிருந்து, "வை... வை..." என்று குரல் வந்தது. இறக்கி வைக்கச் சொல்கிறார்கள் என்று கையைத் தாழ்த்தினேன். கட்டு இறங்கியது.

"ஏலே, அது நம்மாளு குரல் இல்லலே! தூக்கு!" ஓடிவந்த அண்ணாச்சி என் கையைப் பிடித்து மேலே உயர்த்தினார். கட்டு நின்றது. அதற்கு ஒரு முழம் கீழே, வெக்கையில் சுருண்டு கிடந்தான் ஒரு சமோவாத் தீவு மாலுமி.

இளம் வயதில் கப்பலில் சமையல் செய்தவர் அண்ணாச்சி. அன்று மாலை விளக்கினார்: "அவன் தீவுல வைனா தண்ணி. பக்கத்துத் தீவுகள்லயும் அப்படித்தான். மலாய்க்காரன் 'ஆயர்'னு சொல்லுதானே, அதுவும் அதே வேர்தானாம். போர்த்துக்கீசியனுக்கு வைனா 'போறான்'. நீ இறக்கிருந்தா போயே போயிருப்பான்."

"நம்ம வைகைலயும் வை இருக்கே அண்ணாச்சி, அதுவும் தண்ணியா?"

"கூறுகெட்ட மூதி! சத்தம் ஒன்னா இருந்தா சொந்தமாயிருமா? காலைல அப்படி நெனச்சுத்தான ஒருத்தன நசுக்கப் பாத்த?"

விசாரணையில், கை காட்டியது யார் என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார் அண்ணாச்சி. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ஒன்னயன்னா வேலைய விட்டே தூக்கிருவான். என்னைய வையத்தான செய்வான்."

வைததோடு நிற்கவில்லை. சைகை வேலையிலிருந்தே அவரை எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை மூட்டைதான் சுமந்தார்.

அவர் விட்டுக்கொடுத்த பிழைப்பும், 'கேட்டது புரிந்துவிட்டதா' என்று இன்றும் எனக்குள் எழும் சந்தேகமும்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். இதை நம் சங்கப் பலகையில் ஒட்டுகிறேன். வருகிற வாரம் அவர் மனைவிக்குத் தனியாக எழுத வேண்டும். அதைத் தபாலில் போடமாட்டேன். கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன்.