மலை நிழலோடு நகர்ந்த சந்தை

ஓசூரில் எங்கள் கம்பெனி கேண்டீனில் நசுங்கிய தக்காளி வாசம் வந்தால் ராயக்கோட்டையின் பழைய சந்தைதான் கண்ணுக்குள் வரும். கூரையில்லாத அந்தச் சந்தை, வெயில் ஏறி கோட்டை மலையின் நிழல் சுருங்கச் சுருங்க, தமிழும் தெலுங்கும் கன்னடமுமாய்ப் பேசிக்கொண்டே, கூடை கூடையாக மலையடிக்கு நகரும்; விடிந்ததும் தண்ணித்தொட்டி பக்கம் தக்காளிக் கூடையோடு நான் விட்டுவிட்டு வரும் அம்மாவை, கூழ் கொண்டுபோகும்போது மலையடிப் பாறையோரம்தான் தேடுவேன். ஒருநாள் பாறையோரம் யாருமே இல்லை. அழுதுகொண்டே திரும்பி ஓடினால், தண்ணித்தொட்டி பக்கமே உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள்.

"மோடம் போட்டிருக்குது கண்ணு, வெயிலே இல்ல. எதுக்கு நவுரணும்?"

இப்போது அங்கே தகரக் கூரை. சந்தை நகர்வதில்லை, அம்மாவும் இல்லை. ஆனாலும் மோடம் போட்ட காலைகளில், நான் விட்டுவந்த இடத்திலேயே அவள் இருப்பாள் என்று தோன்றுகிறது.