இருபது லிட்டர் டீசலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் காஞ்சிபுரம் ஓரிக்கையிலிருந்து கிளம்பினோம். அங்கே எனக்கு ஜீப் பழுதுபார்க்கும் பட்டறை. பக்கத்து சீட்டில் என் மனைவி அமலா. போகவேண்டிய இடம் லடாக்கில் இருக்கும் லே. எங்கள் மகள் ஜெனிபர் அந்தப் பக்கம் சாலைப் பணியில் சர்வேயர். அவள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மறு ஞாயிறு அவள் லேவுக்கு வருவாள். மூன்று மணிக்கு முகாம் லாரி திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு பனிக்காலம் முழுக்க மேல் முகாம். வெளியாட்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

எட்டாம் நாள் காலை, லே போகும் மலைச் சாலையில் ‘தாண்டி’ என்ற ஊரில் டாங்க்கை நிரப்பினோம். காஞ்சிபுரத்தில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் வாலாஜாபாத் போவதற்குள் இரண்டு மூன்று பங்க் வந்துவிடும். இங்கே அடுத்த பங்க் லேவுக்குச் சற்று முன்னால், காருவில். ஏறக்குறைய 330 கிலோமீட்டர். என் பழைய ஜீப் மலையில் லிட்டருக்கு ஏழுதான் ஓடும். டாங்க் நாற்பத்தைந்து லிட்டர். அதனால் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஓர் இருபது லிட்டர் இரும்புக் கேன் வாங்கி, பின்கதவுக்கு வெளியே சட்டம் அடித்து மாட்டியிருந்தேன். உள்ளே வைத்தால் வாடை தலையைச் சுற்றும். மேலே ஏற ஏற உப்பும் என்பதால் விளிம்புவரை நிரப்பவில்லை.

அன்றிரவு வழியில் சர்ச்சு என்ற இடத்தில் தங்கி, ஞாயிறு நான்கு மணிக்கே புறப்பட்டோம். மதியத்துக்குள் லே. மகளோடு மூன்று மணி நேரம். அதுதான் கணக்கு.

ஆறரை மணிக்கு ஒரு வளைவில் டாக்ஸி ஒன்று நின்றிருந்தது. கல் பட்டு டாங்க் ஒழுகி, டீசல் தீர்ந்துவிட்டதாம். ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்திருந்தார் டிரைவர். பின்சீட்டில் மகள் தோளில் சாய்ந்து மூச்சுக்குத் திணறும் பெரியவர். உதடு நீலம் பாரித்திருந்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை; அவரை உடனே மலையைவிட்டுக் கீழே இறக்கியாக வேண்டும். கேலாங் ஆஸ்பத்திரிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். பாதிக் கேன் கொடுத்தால் பாதி வழிதான் போகும்.

வேறு வண்டி வரட்டுமே என்று அமலாவிடம் தமிழில் சொன்னேன். அவள் இறங்கிப் போய்க் கேனின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“அந்தப் பொண்ணு அவங்கப்பாவைத் தாங்கிக்கினு இருக்குது. ஊத்துங்க.”

ஊற்றினேன். டீசல் வண்டி ஒருமுறை வறண்டால் பைப்பில் காற்று புகுந்துவிடும். எனக்குப் பழக்கமில்லாத வண்டி; திரும்பத் திரும்பக் காற்றை எடுத்து ஸ்டார்ட் செய்து அனுப்பும்போது எட்டரை. மறுபடி ஒழுகினால் பிடிக்கட்டும் என்று கேனும் அவர்களோடு போனது. அதன்பின் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினேன்.

இரண்டரை மணிக்கு, காருவுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது, ஜீப் நின்றது. எங்கள் ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது. மூன்று மணி ஆனது. ஜெனிபரின் லாரி இதே வழியாகத்தான் வரவேண்டும் என்று அமலா சொன்னாள். ரோட்டோரம் நின்று, வந்த ஒவ்வொரு லாரியையும் பார்த்தோம்.

நாலேகாலுக்கு ஒரு பச்சை லாரி எங்களைக் கடந்து போய், பிரேக் போட்டு நின்றது. ஜெனிபர் குதித்து ஓடிவந்தாள். மெலிந்திருந்தாள்; கன்னத்தில் தோல் வெடித்திருந்தது. அமலா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். லாரிக்காரர் ஐந்து லிட்டர் தந்தார். நான் காற்றெடுத்து முடிக்கும்வரை, பதினைந்து நிமிடம், அம்மாவும் மகளும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

“எப்போம்மா வருவே?” என்று கேட்டாள் அமலா.

ஜெனிபர் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஏறிப்போனாள்.

பத்து நாள் கழித்து, திரும்பும் வழியில் வேலூர் தாண்டும்போதுதான் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. கேனைக் கொடுக்காமல் இருந்திருந்தால் மூன்று மணி நேரம் முழுசாகக் கிடைத்திருக்குமே என்றேன்.

அமலா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு மணி நேரம் இருந்திருந்தாலும் கடைசியில அதைத்தான் கேட்டிருப்பேன். அவளும் அதே மாதிரிதான் கட்டிக்கினு இருந்திருப்பா.”