அம்மா லைனை நிறுத்திய நாள்

என் தங்கை எல்.கே.ஜி. படித்த வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. நான் அப்போது நான்காம் வகுப்பு. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஆயாம்மா வாசலில் வந்து நிற்பார். "மிஸ், இந்தப் பொண்ணக் கொஞ்சம் அனுப்புங்க, தங்கச்சி அழுவுது" என்பார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் கலெக்டர் மாதிரி எழுந்து போவேன்.

கீழே தங்கை மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணிச் சத்தம் அவளுக்கு ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் எட்டாமல் தொங்கும், ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். இரண்டு கோடு போடுவதற்குள் கை ஓய்ந்து பென்சிலை வீசுவாள். நான் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவாள். சில நாள் மூன்று முறைகூட என்னைக் கூப்பிட்டார்கள்.

அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் இரும்பு ஆலையில் வெல்டர். சனிக்கிழமைதோறும் அம்மா தங்கையை ரயிலேற்றிப் பொன்னேரிக்கு ஆக்குபேஷனல் தெரபிக்குக் கூட்டிப்போவாள். அங்கே ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. தெரபி அக்கா அவளை மாவு பிசையச் சொல்வார், சுவரைத் தள்ளச் சொல்வார், ஊஞ்சலில் குப்புறப் படுத்தபடி பட்டாணி பொறுக்கச் சொல்வார். இதற்குப் போய் ரயிலா என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த அக்கா பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கால் ஊன்ற ஒரு பலகை வேண்டும், மணியிலிருந்து தள்ளி இடம் வேண்டும், எழுதுவதற்கு முன் ஐந்து நிமிஷம் அவளைச் சுவர் தள்ள விடவேண்டும், தானே வாரம் ஒருநாள் வந்து வகுப்பு மிஸ்ஸுக்குச் சொல்லிக்கொடுக்க அனுமதி வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அதைப் படித்து, மடித்து, அம்மாவிடமே நீட்டினார்.

"ஒரு புள்ளைக்குப் பண்ணா எல்லாரும் கேப்பாங்கம்மா. நீங்க வேற ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க. மாசக் கடைசில டி.சி. வாங்கிக்கங்க."

நைனா அன்று சாயங்காலமே ஒரு பலகை செய்துவிட்டார். இரும்புக் கால், மேலே மரம். செய்ததோடு விட்டிருக்கலாம். ஆலையில் மனிதர்கள் கால் வைக்கும் படிக்கெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடிப்பார்கள், இதற்கும் அடித்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை பெயின்ட் அடிக்காத படி படியே இல்லை. மறுநாள் நான்தான் அதைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "இது ஸ்கூலா, ஃபேக்டரியா?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்பினார். வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை.

அதற்கடுத்த நாள் காலை அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரவில்லை. நேராகப் பள்ளிக்கூடம் வந்தாள். கம்பெனியின் நீலக் கோட்டு, கனத்த சேஃப்டி ஷூ. வழியில் நைனாவிடமிருந்து வாங்கிவந்த பலகையை எல்.கே.ஜி. வாசலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து, "என்னம்மா இது?" என்றார்.

"எங்க கம்பெனி லைன்ல ஒரு எடத்துல வேல சரியா ஓடலன்னா சுவிச்சத் தட்டுவோம் மேடம். செவப்பு லைட்டு எரியும். லீடர் வந்து பாத்து சரி பண்ற வரைக்கும் லைன் நவுறாது. இன்னா கோளாறுன்னுதான் பாப்பாங்க, வேல செய்றவள ஊட்டுக்குப் போன்னு சொல்லமாட்டாங்க. மேச ஒசரமா இருந்தா மேசைய எறக்குவாங்க. எம் பொண்ணுக்கு நாற்காலி ஒசரம். நான் சுவிச்சத் தட்டிட்டேன்."

"எல்லாரும் கேப்பாங்கன்னு சொன்னேனே."

"கேக்கட்டும். குடுங்க."

அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கும், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவாள். மறுநாளும் அப்படியே. மத்தியானம் எல்.கே.ஜி. மிஸ் வெளியே வந்தார். அதிர்ந்து பேசாத சின்னப் பெண். "கொஞ்சம் எழுந்திருங்கக்கா" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் பலகையை உள்ளே எடுத்துப்போய்த் தங்கையின் காலடியில் போட்டார். தங்கை இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் எனக்கும் எனக்கும் என்று காலை நீட்டினார்கள். அதற்குள் அவள் ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டாள். கோடெல்லாம் கோணல்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் ஜன்னலோரம் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் தெரபி அக்காவின் கடிதத்தை வாங்கிக் கீழே அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா அதைக் கையில் வாங்கவில்லை.

"இன்னொண்ணும் எழுதுங்க மேடம். பெரியவள இனிமே கிளாஸ்லேர்ந்து கூப்பிடக் கூடாது."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் பையை வீசினேன்.

"நான் இல்லன்னா அவ அடங்கமாட்டாம்மா."

"அடங்குவா. பழகிக்குவா. நீ போய்க் கணக்கப் போடு."

ஒரு பெயின்ட் அடித்த பலகைக்கு இருக்கும் மதிப்புகூட எனக்கில்லையா என்று அழுதேன். கடிதத்தில் இருந்ததெல்லாம் தங்கைக்காக வேறொருவர் கேட்டது. அந்தக் கடைசி ஒன்று மட்டும் அம்மா தானாகக் கேட்டது. அது எனக்காக என்று தெரியாமல், இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.