கண்ணில் விட்ட பால்

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே மாறுகண். வலது கண் மூக்கைப் பார்த்தபடியே நிற்கும். பள்ளியில் 'ஒன்றரைக்கண்ணு' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளைக் குனிந்தே நடக்கப் பழக்கிவிட்டார்கள். பன்னிரண்டாவது முடித்த விடுமுறையில் வேலூரில் அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணை இழுத்துக்கொண்டிருந்த தசையைத் தளர்த்தித் தைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது வெண்விழியெல்லாம் ரத்தச் சிவப்பு. ஆனால் கருவிழி நடுவில் இருந்தது.

ஆம்பூர் திரும்பும் பஸ்ஸிலேயே நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். நர்ஸ் சொன்னது பாதி, நானே தேடிப் படித்தது பாதி. சோப்பு போட்டுக் கை கழுவாமல் கண் பக்கம் போகக்கூடாது. மருந்து பாட்டிலின் நுனி இமையில் படக்கூடாது. குழாய்த் தண்ணீர் கண்ணில் தெறிக்கக்கூடாது. தையல் ஆறும்வரை கிருமிக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

"பெரிய டாக்டரு பேசறாரு, எல்லாம் கேட்டுக்குங்க," என்றாள் கைக்குழந்தையோடு வந்திருந்த அண்ணி. தங்கை சிரித்துவிட்டு, வலிக்கிறது என்று கண்ணைப் பொத்தப் போனாள். அந்தக் கையையும் பிடித்துக்கொண்டேன்.

ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் அம்மாவால் அந்தச் சிவப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"சூடுடா அது. தாய்ப்பால் ரெண்டு சொட்டு உட்டா எறங்கிடும்."

"கூடவே கூடாதும்மா. சிவப்பு தானா போவும். பாலு கிருமிக்குத் தீனி."

"உனக்குக் கண்ணு வலிச்சப்ப இன்னாடா ஊத்துனேன்? இப்ப நல்லாத்தானே பாக்குற?"

அந்தக் கண்ணில் தையல் இல்லையே என்றேன். அம்மா அதற்குள் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் தங்கையால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை வீங்கி, மஞ்சளாகச் சீழ் ஒட்டியிருந்தது. "அண்ணா, கண்ணு போய்டுமா?" என்றாள்.

அம்மா லீவு போட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணியும் வேலூருக்கு வந்தாள். டாக்டரம்மா இமையை விலக்கி விளக்கடித்துப் பார்த்தார்.

"நாங்க கொடுத்த மருந்தைத் தவிர வேற ஏதாவது போட்டீங்களா?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர்," என்றாள் அண்ணி. "என் பாலு. நேத்தும் உட்டேன்."

"அவ வேணாம்னுதான் சொன்னா," என்றாள் அம்மா. "நான்தான் அடம் புடிச்சேன். அவளத் திட்டாதீங்க."

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. பஞ்சுக்குச்சியில் சீழைத் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். "சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. தையல் நூல் ஒத்துக்கலைன்னு நெனச்சு வேற மருந்து கொடுத்திருந்தா கிருமி இன்னும் ஜாஸ்தியாயிருக்கும். கண்ணுக்குள்ள இன்னும் போகல. பார்க்கலாம்."

புது மருந்தோடும் பார்க்கலாம் என்ற அந்த ஒரு சொல்லோடும் வீடு வந்தோம். பஸ்ஸில் அம்மாவிடம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அவள் மடியில் அண்ணியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கண்ணைத் திறக்கும் முன்பே தங்கை கேட்பாள்: "ஒட்டியிருக்கா?" இருந்தது. அப்புறம் கம்மியானது. ஒரு நாள் கேள்வி முடியும் முன்பே இமை தானாகப் பிரிந்தது.

அன்று மருந்து விட அண்ணி அம்மாவைத்தான் அழைத்தாள். "வாங்க அத்தை, நீங்களே உடுங்க."

அம்மா குழாயடியில் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினாள். போதும் என்றோம். மறுபடியும் கழுவினாள். தங்கை முகத்தை நிமிர்த்தினாள். அவளுடைய இரண்டு கண்களும் ஒன்றாக அம்மாவைப் பார்த்தன. பாட்டிலின் நுனி எங்கும் படவில்லை.