கைக்குள் ஒரு சுண்டெலி

பார்சல் ஆபீசில் அவளுக்கு 'அகராதி' என்றுதான் பெயர். ஒரு பங்கு வாய்த்துடுக்குக்காக. மூன்று பங்கு, எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் அதன் பூர்வீகத்தைக் கிளறாமல் விடமாட்டாள் என்பதற்காக. கவுன்ட்டரில் முத்திரை குத்துவதும், வழிதவறிய பார்சலை முத்திரை முத்திரையாகப் பின்னோக்கித் துரத்தி, அனுப்பியவர் வாசலைக் கண்டுபிடிப்பதும் அவள் வேலை. வார்த்தைக்கும் அதே வைத்தியம்.

பக்கவாதம் வந்து வலது கை துவண்டது. விடுப்பு முடியும் அன்று ஆபீஸ் டாக்டர் முன்னால் இரும்பு முத்திரையைத் தூக்கிக் குத்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கட்டாய ஓய்வு. ஆறு வாரம் பாக்கி.

"விரலையே முறைக்காதீங்கக்கா," என்றாள் பயிற்சி கொடுக்க வரும் பெண். "மேல்கையில மஸில் முழிக்கணும்."

"மஸிலா? அது எந்த ஊருடி?"

"எங்க பரீட்சையில அதைக் கேக்கலையேக்கா!"

அன்று மாலை கணவர் தடித்த அகராதியைப் பிரித்துப் பிடிக்க, அவள் இடது கையால் பக்கம் புரட்டினாள். மஸிலின் கடைசி முத்திரை இங்கிலீஷ். அதற்கு முன் பிரெஞ்சு. அதற்கும் முன் லத்தீன்: முஸ்குலுஸ், சுண்டெலி! மடக்கிய புஜம், தோலுக்கடியில் எலி ஓடுவது போலிருந்ததாம். அதற்கும் பின்னால் எழுத்தில்லாத ஓர் ஆதிமொழி, முத்திரை அழிந்த பார்சல். அங்கிருந்து இன்னொரு கிளை சமஸ்கிருதம் வழியாக மூஷிகமாக நம்மிடம் வந்திருக்கிறது. இங்கிலீஷின் மவுஸும் அதே குடும்பம்தான், வேறு வண்டியில் வந்து இறங்கியது.

"ஏங்க, இத்தனை நாளா எலியைச் சுமந்துட்டுத் திரிஞ்சிருக்கேன்!"

"அலமாரியில பிஸ்கட் குறையறப்பவே நினைச்சேன்," என்றார் அவர்.

அதுவரை விரல்களையே முறைத்தவள், புஜத்தைப் பார்க்கத் தொடங்கினாள். "வாடி வெளியே," என்று வேளைக்கு நூறு தடவை அதட்டினாள். ஒன்பதாம் நாள் தோலுக்கடியில் ஒரு சின்னத் துள்ளல். கணவர் அகராதியைக் காலில் போட்டுக்கொண்டு கத்தினார். பயிற்சிக்காரி தூக்க வேண்டிய எடையைக் கூட்டிக்கொண்டே போனாள்.

ஆறாவது வாரம், டாக்டர் முன்னால், முத்திரை அரையடி எழும்பியது, நடுங்கியது, நின்றது. டப்! மேஜை அதிர்ந்து டாக்டரின் டீ கொட்டியது.

"போதும்மா, மேஜை தாங்காது!"

"ஆறு வாரப் பாட்டுக்கு ஒண்ணு பத்தாது சார்," என்று இன்னொன்று குத்தினாள். டாக்டர் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கவுன்ட்டர் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. அவள் வலது கையை உயர்த்தி, "அடுத்தது யாருப்பா?" என்றாள்.